தூங்கா நகரத்திலிருந்து வருபவருக்குச் சென்னை ராத்திரி

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "டிசம்பர் 28 முதல் ஜனவரி 1 வரை குடும்பத்தோடு சென்னை வருகிறோம். அம்மாவுக்குக் கச்சேரி கேட்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. இரண்டு பேரும் சைவம். எனக்கும் மனைவிக்கும் மீன் இல்லாமல் ஆகாது. 24 வயதுத் தம்பிக்கு நைட் லைஃப் வேண்டுமாம். எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், புத்தாண்டு ராத்திரி எங்கே போகலாம்?"

முதலில் தம்பியைச் சமாதானப்படுத்திவிடுகிறேன். நீங்கள் தூங்கா நகரத்துக்காரர்கள். நள்ளிரவு தாண்டியும் கல்லில் கறிதோசை வேகிற ஊர் உங்களுடையது. இங்கே பத்தரை மணிக்கே பல ஓட்டல்களில் நாற்காலிகளைக் கவிழ்த்து மேஜைமேல் ஏற்றிவிடுவார்கள். ஊரிலிருந்து வந்த மாமா குடும்பத்தை ஒருமுறை பத்தே முக்காலுக்கு ஓட்டலுக்குக் கூட்டிப் போனேன். "தயிர் சாதம் மட்டும் இருக்கு சார், அதுவும் ரெண்டு பேருக்குத்தான்" என்றார் சர்வர். மாமா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

சென்னையின் ராத்திரி பத்து, பதினொரு மணிக்கு ஒருமுறை முடிந்து, மூன்று மணிக்கு மறுபடி ஆரம்பிக்கிற சமாச்சாரம். அந்த இரண்டாவது ராத்திரியைப் பிடித்துக்கொண்டால் உங்கள் ஐந்து பேருக்கும் தீனி இருக்கிறது, மார்கழியில் கேட்கவே வேண்டாம்.

தங்குவதற்கு மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, ராயப்பேட்டை இந்த மூன்றில் ஒன்றைப் பாருங்கள். வாடகை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் கச்சேரி நடத்துகிற சபாக்களான மியூசிக் அகாடமி, நாரத கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், அப்புறம் மெரினா, சாந்தோம் எல்லாமே ஆட்டோவில் சிறு தூரம். வாடகை மலிவென்று புறநகரில் ரூம் போட்டால் மிச்சம் பிடித்த பணம் டாக்ஸிக்கும், அப்பாவின் பொறுமை டிராஃபிக்குக்கும் போய்விடும். மயிலாப்பூரில் லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காக வழியை மாற்றிவிட்டிருப்பார்கள். பத்து நிமிடத் தூரத்துக்கு அரை மணி நேரம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கச்சேரி விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று: பெரும்பாலான சபாக்களில் மதியக் கச்சேரிகள் இலவசம். பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை இளம் வித்வான்கள் பாடுவார்கள். டிக்கெட் கிடையாது, நேரே போய் உட்காரலாம். மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். பெரிய பெயர் என்றால் முன்வரிசைகள் சந்தாதாரர்களுக்குப் போய்விடும், மிச்சத்துக்குத்தான் போட்டி. மியூசிக் அகாடமியின் டிசம்பர் விழா 1927-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டிய இசை விழாவிலிருந்து வருகிறது. இப்போதும் டிசம்பர் 15 வாக்கில் தொடங்கி ஜனவரி 1 வரை நடக்கும். நீங்கள் வருவது கடைசி நாட்களில், கூட்டம் உச்சத்தில் இருக்கும். என் யோசனை: அம்மாவுக்காக ஒரே ஒரு மாலைக் கச்சேரிக்கு முன்கூட்டியே ஆன்லைனில் டிக்கெட் எடுங்கள். மற்ற நாட்களில் மதியக் கச்சேரி போதும். இன்று மதியம் ஓசியில் கேட்கிற குரலுக்குப் பத்து வருடம் கழித்து வரிசையில் நின்று டிக்கெட் வாங்கவேண்டி வரலாம், அந்தச் சுகமே தனி.

சங்கீதம் பிடிக்காதவர்கள்கூட சபாவுக்குப் போவது கேன்டீனுக்காக. பெரும்பாலான இடங்களில் கச்சேரி டிக்கெட் இல்லாமலே கேன்டீனுக்குப் போகலாம். துணிப் பந்தல், நீளமான மேஜை, காகிதம் விரித்து அதன்மேல் வாழையிலை. மதியம் இலைச் சாப்பாடு: பச்சடியில் ஆரம்பித்து, அக்காரவடிசல் நெய்யோடு விழும்போது பரிமாறுபவர் ஒரு நொடி நின்று உங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்த நொடியில் "போதும்" என்று சொல்லிவிடாதீர்கள், மறுபடி அவர் அந்தப் பக்கம் வர நேரமாகும். சாயங்காலம் டிபன்: அடை அவியல், கீரை வடை, ரவா தோசை, அசோகா அல்வா, ஃபில்டர் காபி. எந்தச் சமையல்காரர் எந்தச் சபா என்பது வருடத்துக்கு வருடம் மாறும், அதனால் போன வருட ஞாபகத்தை நம்பாமல் டிசம்பர் நடுவில் செய்தித்தாளைப் பாருங்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணிக்குப் போனால் கியூ. பதினொன்றரைக்குப் போய்விட்டால் அப்பா நிற்க வேண்டியதில்லை. இன்னொரு குறுக்குவழியும் உண்டு: மேடையில் தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டை நிறுத்தி மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற கட்டம், ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்துவிடுவது. அது ஆரம்பித்ததும் பாதி அரங்கம் கேன்டீனுக்கு வரும். மிருதங்க வித்வான்களுக்கு இது தெரியும். மன்னிப்பார்களா என்பது வேறு விஷயம்.

ஒரு மாலையைப் பாரிமுனைக்கு ஒதுக்குங்கள். அங்கே ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கத்தின் விழா நடக்கும். சங்கம் 1943-ல் தொடங்கியது, மேடையில் தமிழ்ப் பாட்டுகளுக்கே முதலிடம். "என்ன பாடுறாங்கன்னே புரியலை" என்று முணுமுணுக்கும் அப்பாக்களுக்கு இது உகந்த இடம். அம்மா அப்பாவை உள்ளே உட்காரவைத்துவிட்டு, நீங்கள் மூன்று பேரும் பர்மா பஜார் பக்கம் நடந்துவிடலாம். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ அங்கே தள்ளுவண்டிகளில் கிடைக்கும். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூடான சூப். நடுவில் கீறி வெங்காயமும் பூண்டும் திணித்த அவித்த முட்டையைத் தம்பி முழுசாக வாயில் போட்டுக்கொள்ளட்டும். இதைத்தான் நாங்கள் கையேந்தி பவன் என்போம். எட்டு மணிக்குள் போனால் எல்லாமே இருக்கும். அசைவம் வேண்டாதவர்களுக்குப் பக்கத்திலேயே சௌகார்பேட்டை இருக்கிறது, மின்ட் தெருவில் முறுக்கு சாண்ட்விச், ஜிலேபி, பாதாம் பால்.

மீனுக்கு வருகிறேன். மெரினா மணலில் வறுவல் கடைகள் வரிசையாக இருக்கும். மசாலா தடவிய வஞ்சிரமும் இறாலும் தட்டில் சிவப்பாக அடுக்கியிருக்கும். எண்ணெயில் போடுவதற்கு முன்னால் விலையைக் கேட்டுவிடுங்கள், போட்டபின் பேரம் கிடையாது. எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த கடைக்கு நகருங்கள். மாலை ஆறிலிருந்து எட்டுக்குள் வியாபாரம் சூடாக இருக்கும்போது சாப்பிடுவதுதான் வயிற்றுக்கு நல்லது. டிசம்பரில் வருவதில் ஒரு லாபமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது வந்தால் வகையும் குறைவு, விலையும் அதிகம். சைவர்களுக்குத் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும். அப்பா மணலில் நடக்க வேண்டாம். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், அதில் அலைக்குப் பக்கம்வரை போகலாம். கடலில் மட்டும் யாரும் இறங்க வேண்டாம். மெரினாவின் அடிநீரோட்டம் நன்றாக நீச்சல் தெரிந்தவரையும் விட்டதில்லை.

இப்போது அந்த இரண்டாவது ராத்திரி. தம்பியை ஒருநாள் மூன்றரை மணிக்கு எழுப்பிக் காசிமேடு துறைமுகத்துக்கு அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது. படகிலிருந்து கூடை இறங்க இறங்க ஏலம், பனிக்கட்டி உடைக்கிற சத்தம், காலுக்கடியில் மீன் தண்ணீர். நல்ல செருப்பு போட வேண்டாம். எந்த பப்பிலும் இவ்வளவு சத்தமும் வெளிச்சமும் கிடையாது. அதே நேரத்தில் அம்மாவோடு நீங்கள் மயிலாப்பூர் மாட வீதிக்குப் போங்கள். மார்கழியில் விடிவதற்கு முன்பே பஜனை கோஷ்டிகள் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிப் பாடிக்கொண்டு வரும். கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் நடத்திவந்த பழக்கம் அது, இன்னும் விடாமல் நடக்கிறது. வாசல்களில் ஈரக் கோலம் காய்ந்திருக்காது, பார்த்து நடங்கள்.

விடிந்ததும் டிபன். ராயர் மெஸ் சின்ன இடம், காத்திருக்க வேண்டும், கெட்டிச் சட்னிக்காகக் காத்திருக்கலாம். அப்பாவுக்கு உட்கார இடம் வேண்டுமென்றால் கற்பகாம்பாள் மெஸ். பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஒரு வீட்டு ஜன்னல் வழியாகப் பொங்கலும் வடையும் தருவார்கள், பெயர்ப்பலகை கிடையாது. ஜன்னல் கடை என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். அங்கே நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும்.

சரி, புத்தாண்டு ராத்திரி. நட்சத்திர ஓட்டல்களில் டிஜே, விருந்து, நுழைவுக் கட்டணம் எல்லாம் இருக்கும். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், தம்பி அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளட்டும். டாஸ்மாக் கடை மதியம் பன்னிரண்டு முதல் ராத்திரி பத்து வரைதான். எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும், எந்தச் சாலையை அடைப்பார்கள் என்பதைப் போலீஸ் கடைசி வாரத்தில் அறிவிக்கும். மெரினாவையொட்டிய காமராஜர் சாலையிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் வண்டி விடமாட்டார்கள், மேம்பாலங்களையும் மூடுவார்கள். அன்று ராத்திரி பைக் இரவல் வாங்குகிற யோசனை இருந்தால் இப்போதே கைவிடச் சொல்லுங்கள். மெட்ரோ சாதாரண நாட்களில் ராத்திரி பதினொரு மணி வரைதான், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், ஒன்பது மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டுச் சாந்தோம் தேவாலயத்தின் நள்ளிரவுப் பூசையைப் போய்ப் பாருங்கள். மயிலாப்பூரில் தங்கினால், அப்பாவைத் தவிர மற்றவர்களுக்குத் திரும்பி வர வண்டியே வேண்டியதில்லை.

தேதியை மாற்ற முடியுமானால் பொங்கலை ஒட்டி வருவதும் நல்லதுதான். நந்தனத்தில் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில் நடக்கும், சில வருடம் டிசம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடும். ஆனால் திருவள்ளுவர் தினத்தன்று மதுக்கடைகளுக்கு விடுமுறை, தம்பி முகம் சுருங்கும். பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழா, ரமலான் ராத்திரிகளில் திருவல்லிக்கேணி, ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத் திருவிழா என்று இன்னும் இருக்கின்றன. டிசம்பர் முதல் வாரம் மட்டும் வேண்டாம். 2015-லும் 2023-லும் ஊர் வெள்ளத்தில் நின்றது அந்த நாட்களில்தான்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், அன்றே எடுத்துவிடுங்கள். எழும்பூரில் வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், திரும்பும் டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்து வையுங்கள். சென்னைக் குளிருக்கு இல்லை, சபா ஏசிக்கு.