பிற துறையிலிருந்து வரும் புகழ்பெற்ற வீரர் ஒருவரால் ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்குப் பழைய ஆர்வத்தை மீட்டுத் தர முடியுமா?

முடியாது என்பதே இப்போது என் பதில். ஆனால் இந்தப் பதிலுக்கு வந்து சேர எனக்குக் காலம் பிடித்தது; ஏனெனில் 2023 அக்டோபரில் முடியும் என்று முழு மனதோடு நம்பியவர்களில் நானும் ஒருவன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த ஞாயிற்றுக்கிழமை அது. ரியாத்தில் நள்ளிரவு கடந்திருந்தது. இங்கே சிங்கப்பூரின் ஈசூனில் இன்னும் விடியவில்லை. பத்து சுற்றுகள் கொண்ட அந்தச் சண்டையில் பிரிட்டனின் ஹெவிவெயிட் வெற்றியாளர் டைசன் ஃபியூரிக்கு எதிரே நின்ற பிரான்சிஸ் இங்கானு, கேமரூனில் சிறுவயதிலேயே மணல் அள்ளும் வேலை பார்த்து, பின்னர் யுஎஃப்சி என்ற அமைப்பு நடத்தும், குத்தும் உதையும் மல்யுத்தமும் கலந்த கலப்புச் சண்டையில் ஹெவிவெயிட் வெற்றியாளராக உயர்ந்தவர். தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதற்கு முன் ஒரு சுற்றுகூட ஆடியதில்லை. மூன்றாம் சுற்றில் அவருடைய இடக்கைக் குத்து தலையில் இறங்கியதும் ஃபியூரி தரையில் விழுந்தார். உறங்கிக்கொண்டிருந்த என் தம்பியை நான் தட்டி எழுப்பினேன். பத்தாவது சுற்று முடிந்து, மூன்று நடுவர்களில் இருவர் ஃபியூரிக்கும் ஒருவர் இங்கானுவுக்கும் வெற்றியைத் தந்தபோது, அதுவரை குத்துச்சண்டை என்றால் என்னவென்றே கேட்டறியாத என் அலுவலக நண்பர்கள்கூடக் கைப்பேசியில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இனி இந்த விளையாட்டு பிழைத்துக்கொள்ளும் என்று அன்று காலைப் பசியாறும்போது தம்பியிடம் சொன்னேன்.

அந்த உற்சாகம் ஐந்து மாதங்கள்கூட நிலைக்கவில்லை. 2024 மார்ச்சில் இங்கானுவை எதிர்கொண்ட முன்னாள் ஹெவிவெயிட் வெற்றியாளர் ஆண்டனி ஜோஷுவா, முதல் சுற்றில் ஒரு முறையும் இரண்டாம் சுற்றில் இரண்டு முறையும் அவரை வீழ்த்திச் சண்டையை அங்கேயே முடித்துவிட்டார். செய்தி அனுப்பிய நண்பர்களில் ஒருவரும் அடுத்து என்ன என்று கேட்கவில்லை. அவர்கள் பார்க்க வந்தது இங்கானுவைத்தான். அவர் விழுந்ததும் அவர்களுக்கு இங்கே வேலை இல்லாமல் போயிற்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் இங்கானுவைத் தவிர வேறு யாரையும் பின்தொடர்வதற்கான வழியை இந்த விளையாட்டு அவர்களுக்குக் காட்டவில்லை.

எனக்கு இதைவிட வலித்த உண்மை ஒன்று உண்டு. உலகக் குத்துச்சண்டை அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசியின் பட்டத்தைக் கையில் வைத்திருந்த ஃபியூரி, 2023-ஆம் ஆண்டு முழுவதிலும் ஆடிய ஒரே சண்டை அதுதான். அதிலும் பட்டம் பணயமாக வைக்கப்படவில்லை. மற்றொரு வெற்றியாளரான உக்ரைனின் ஒலெக்சாண்டர் ஊசிக்குடன் ஃபியூரி மோதும், எல்லோரும் ஏங்கிக் காத்திருந்த சண்டை அந்த டிசம்பரில் நடக்கும் என்ற பேச்சு பிப்ரவரிக்கு மாறி, பயிற்சியில் ஃபியூரிக்குக் கண்ணருகே வெட்டு விழுந்ததால் மே மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. 1966-ஆம் ஆண்டை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். அந்த ஓராண்டிலேயே முகமது அலி டொராண்டோவில் ஒரு முறை, லண்டனில் இரண்டு முறை, பிராங்பர்ட்டில் ஒரு முறை, ஹியூஸ்டனில் ஒரு முறை என ஐந்து தடவை பட்டத்தைக் காத்துக்கொண்டார். ஜோ லூயிஸ் தம் காலத்தில் இருபத்தைந்து முறை காத்தவர். ரசிகனுக்கு அவர்கள் வீட்டு மனிதர்களைப் போல ஆனதற்குப் பேச்சுத் திறமை ஒன்றே காரணம் என்று நான் நினைக்கவில்லை. அடிக்கடி கண்ணில் பட்டார்கள். ஒருவரையே பெரிய வெற்றியாளர் என்று சுட்ட முடிந்தது. இன்று நான்கு அமைப்புகள் நான்கு பட்டங்களை வழங்குகின்றன. லெனாக்ஸ் லூயிஸ் 1999-இல், அன்று முக்கியமானவையாகக் கருதப்பட்ட எல்லாப் பட்டங்களையும் ஒன்று சேர்த்த பிறகு, அதையே மீண்டும் ஒருவர் செய்து காட்ட 2024 மே மாதம்வரை, அதாவது ஊசிக் ஃபியூரியை வெல்லும்வரை, நாம் காத்திருக்க வேண்டியதாயிற்று. கால் நூற்றாண்டு என்பது ஒரு தலைமுறையே வேறு விளையாட்டுக்குப் போய்விடும் காலம்.

செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் தந்தை, கேலாங்கின் ஹேப்பி வோர்ல்ட் அரங்கில் குத்துச்சண்டை பார்த்த நாள்களைப் பற்றிச் சாகும்வரை பேசிக்கொண்டிருந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காக ஆடி, 1974 காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்ற சையது அப்துல் காதரைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே மாறும். 48 கிலோ பிரிவில் ஆடியவர் காதர். ஃபியூரியின் பாதி எடைகூட இருக்காது. ஆனாலும் அவருடைய ஒவ்வொரு படியையும் செய்தித்தாளில் தொடர்ந்து படித்ததால், வெண்கலம் தம் வீட்டுக்கே வந்தது போல அப்பா மகிழ்ந்தார். ஆர்வம் என்று நான் சொல்வது இதைத்தான். ஒரு வீரரை அவர் சிறியவராக இருக்கும்போதே அறிந்துகொண்டு, ஏற்றத்திலும் தோல்வியிலும் கூடவே நடப்பது. வேறு துறையில் புகழ் பெற்றுவிட்டு நேராகத் தலைமைச் சண்டைக்கு வந்து இறங்குபவரிடம் கூட நடப்பதற்கு ஒரு பாதையே இல்லை.

இது புதிய முயற்சியும் அல்ல. 1976 ஜூனில், உலக வெற்றியாளராக இருந்த அலியே தோக்கியோவில் மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோகியுடன் பதினைந்து சுற்றுகள் ஆடினார். இனோகி பெரும்பாலும் மல்லாந்து படுத்தபடி அலியின் கால்களை உதைத்துக்கொண்டே இருந்தார். சண்டை சமநிலையில் முடிந்தது. அலியின் கால்கள் வீங்கியதுதான் மிச்சம்.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. 2024 நவம்பரில், ஐம்பத்தெட்டு வயது முன்னாள் ஹெவிவெயிட் வெற்றியாளர் மைக் டைசனை யூடியூப் பிரபலம் ஜேக் பால் எதிர்கொண்ட சண்டையை நெட்ஃபிளிக்ஸ் ஒளிபரப்பியது. தலைமைச் சண்டை பார்க்கச் சகிக்கவில்லை; கடைசிச் சுற்றுகளில் டைசனின் கால்கள் நகர மறுத்ததைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அதற்கு முன் அதே மேடையில் பெண் வீரர்கள் கேட்டி டெய்லரும் அமண்டா செரானோவும், செரானோவின் புருவம் கிழிந்து இரத்தம் வழிய வழியப் பத்துச் சுற்றுகள் ஆடியதைப் பல கோடிப் பேர் பார்த்தார்கள். அடுத்த ஜூலையில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில், முழுக்க முழுக்கப் பெண்களே ஆடிய நிகழ்ச்சியில் அந்த இருவரும் மூன்றாம் முறையாகச் சந்தித்தார்கள். கூட்டத்துக்காக ஏற்பாடான ஒரு நாள், உண்மையான ஆட்டம் ஒன்றையும் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பலன் போய்ச் சேர்ந்தது அவர்களுக்கு. ஹெவிவெயிட் பிரிவுக்கு அல்ல.

வார இறுதிகளில் ஒரு சிறிய பயிற்சிக்கூடத்தில் புதியவர்களுக்குக் கற்றுத் தருகிறேன். டைசன்-பால் சண்டைக்கு அடுத்த வாரம் ஏழு இளைஞர்கள் சேர்ந்தார்கள். முதல் நாள் கையில் துணிப்பட்டி கட்டவே அரை மணி நேரம் போகும்: கட்டைவிரலில் கண்ணியை மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி, விரலிடுக்குகளில் ஒவ்வொன்றாக நுழைத்து, முட்டிகளின் மேல் பரப்பி முடிக்க வேண்டும். இரண்டாவது வாரம் நால்வர் வந்தார்கள். மாத இறுதியில் ஒருவன்தான் மிஞ்சினான், பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் பையன். டிசம்பர் 22 அதிகாலை, ஊசிக்கும் ஃபியூரிக்கும் நடந்த மறுபோட்டியைப் பார்க்க அவனை வீட்டுக்கு அழைத்தேன். ஃபியூரியைவிட உயரத்திலும் எடையிலும் மிகவும் குறைந்த ஊசிக், பன்னிரண்டு சுற்றுகளும் அவருடைய உடலுக்கும் தலைக்கும் மாற்றி மாற்றிக் குத்துவதைக் கண்கொட்டாமல் பார்த்தான். “அண்ணே, இவர் கால் எங்கே வைக்கிறார்னு பாருங்க,” என்று அவன் சொன்னபோது, ஏழு பேரில் ஒருவனாவது சேர்ந்துவிட்டான் என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

“அடுத்து இவர் யாரோடு ஆடுவார்?” என்று அன்றே கேட்டான். ஜனவரியில் கேட்டான், மார்ச்சில் கேட்டான். அதன் பிறகு கேட்பதை விட்டுவிட்டான். ஊசிக் மீண்டும் மேடை ஏறியது 2025 ஜூலையில், வெம்பிளியில், டேனியல் டுபுவாவுக்கு எதிராக; ஐந்தாவது சுற்றில் நாக் அவுட். விடியற்காலை நான் அனுப்பிய செய்திக்கு மத்தியானம் பதில் வந்தது: “இன்னிக்கா இருந்துச்சு? தெரியாமப் போச்சே அண்ணே.” பயிற்சிக்கு இப்போதும் தவறாமல் வருகிறான், ஹெவிவெயிட் பற்றி மட்டும் பேசுவதில்லை.