தீர்மான நோட்டில் என்ன எழுத வேண்டும்? – பள்ளி மேலாண்மைக் குழு: வாசகர் கேள்வி பதில்

அரசுப் பள்ளிகளில் இயங்கும் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் என்னைக் குழுத் தலைவி ஆக்கிவிட்டார்கள். மாதம் ஒருமுறை நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு சரி. இந்தப் பதவிக்கு அதிகாரம் என்று ஏதாவது உண்டா?
– வாசகி, மேலூர்

உண்டு. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு முக்கியமாக மூன்று வேலைகளைக் குழுவிடம் ஒப்படைக்கிறது: பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பது, அரசோ உள்ளாட்சியோ வேறு யாரோ தந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். தமிழ்நாட்டில் 2022 மறுகட்டமைப்பின்போது குழுவுக்கு 20 பேர். 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர்.

தலைமை ஆசிரியர் இதில் உறுப்பினர்–கூட்டுநர். அழைப்பு அனுப்புவதும் பதிவேட்டைப் பராமரிப்பதும் அவர் பொறுப்பு. கூட்டத்துக்குத் தலைமை உங்களுடையது. என்ன பேசுவது என்பதை அவர் மட்டும் முடிவு செய்ய வேண்டியதில்லை. கூட்டத்துக்கு நாலைந்து நாள் முன்பே உங்கள் பொருள்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இல்லாத அதிகாரத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. ஆசிரியரை இடம் மாற்றவோ தண்டிக்கவோ குழுவால் முடியாது. ஒருவர் தொடர்ந்து தாமதமாக வருகிறார் என்றால் தேதிகளைக் குறித்துத் தீர்மானமாக்கி வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பலாம்; வகுப்பு வாசலில் நின்று சத்தம் போட்டால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு அவர் பக்கம் போய்விடும்.

இன்றே மாற்ற வேண்டிய பழக்கம் ஒன்று. எழுதி முடிக்காத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். “அப்புறம் எழுதிக்கிறோம்மா” என்றால், “எழுதுங்க சார், உட்கார்ந்திருக்கேன்” என்று சொல்லிவிடுங்கள். கடைசி வரிக்குக் கீழே மிச்சமிருக்கும் இடத்தில் குறுக்குக்கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: ஒரு வருடமாகக் கழிப்பறை பற்றித் தீர்மானம் போடுகிறோம். ஒன்றும் நடக்கவில்லை. தீர்மானத்துக்கு மதிப்பே இல்லையா?
– குழு உறுப்பினர், சங்கராபுரம்

நீங்கள் அனுப்பிய ஐந்து மாத நகல்களைப் படித்தோம். “பள்ளிக் கழிப்பறையைச் சீரமைக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது” என்று ஐந்து மாதமும் ஒரே வரி. யார் சீரமைக்க வேண்டும், என்ன பழுது, எவ்வளவு செலவு, எந்தத் தேதிக்குள்? நான்கில் ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட வரியை எந்த அலுவலகமும் கோப்பில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். குழுக்கள் தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். அதிகாரக் குறைவைவிட எழுத்துக் குறைவுதான் அதிகம்.

இப்படி எழுதிப் பாருங்கள்: “பெண்கள் கழிப்பறையில் 3 கதவுகளில் 2க்குத் தாழ்ப்பாள் இல்லை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் அடியில் உடைந்திருப்பதால் உள்ளே தண்ணீர் வருவதில்லை. தாழ்ப்பாள், குழாய் வேலையைப் பள்ளி மானியத்திலிருந்து இத்தனை ரூபாய்க்குள், இம்மாதம் 20ஆம் தேதிக்குள் முடிப்பது. பொறுப்பு தலைமை ஆசிரியரும் உறுப்பினர் இன்னாரும். கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிவது மானியத்துக்குள் அடங்காத வேலை என்பதால், ஒன்றியப் பொறியாளரைக் கொண்டு மதிப்பீடு தயாரிக்குமாறு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதுவது.”

தாழ்ப்பாளும் கழிவுநீர்த் தொட்டியும் இரண்டு வெவ்வேறு வேலைகள். ஒரே வரியில் கட்டினால் பெரிய வேலைக்காகச் சின்ன வேலையும் காத்துக்கிடக்கும். உங்கள் பள்ளியில் நடந்திருப்பது அதேதான்.

எழுதியதோடு விடாமல் நகலை அலுவலகத்தில் நேரில் கொடுத்து, உங்களிடம் இருக்கும் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அடுத்த மாதக் கூட்டத்தின் முதல் பொருள் “சென்ற கூட்டத் தீர்மானங்களின் நிலை” என்று இருக்கட்டும். கைப்பேசிச் செயலியில் தீர்மானங்களைப் பதிவேற்றுகிறார்கள் என்றால், நோட்டில் உள்ளதும் செயலியில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுருக்கிப் பதிவேற்றும்போது காணாமல் போவது பெரும்பாலும் தொகையும் தேதியும்தான்.

அதற்கும் அசையவில்லையானால் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். ஒன்றிய அலுவலர் எதிரே, குழுத் தீர்மானத்தின் நகலோடு எழுந்து பேசினால் அது கிராம சபைப் பதிவேட்டிலும் ஏறும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் 84 பிள்ளைகள். மானியம் எவ்வளவு வர வேண்டும்? அதை எதற்குச் செலவு செய்யலாம்?
– பெற்றோர், அருப்புக்கோட்டை

ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். உங்கள் பள்ளிக்கு 25,000. இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு, அதாவது 2,500 ரூபாய், தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். நூலகத்துக்கும் விளையாட்டுக்கும் வரும் தொகை தனி. அதை இதோடு கலக்கக் கூடாது.

இந்தத் தொகைகள் திட்டத்தில் உள்ளபடி. பணம் வரும் மாதம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024–25இல் ஒன்றிய அரசின் பங்கு தமிழ்நாட்டுக்கு விடுவிக்கப்படவில்லை என்பது செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரியும். ஆகவே “பணம் எங்கே?” என்று ஆரம்பிக்காமல், “இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கீடு வந்திருக்கிறது, ஆணையைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள்.

மின்கட்டணம், குடிநீர், இணையம், சாக்பீஸ் முதலிய எழுதுபொருள், கற்பித்தல் துணைப்பொருள், கெட்டுப்போன கருவிக்கு மாற்று, கட்டடத்திலும் கழிப்பறையிலும் சிறு பழுது – இவையெல்லாம் செய்யலாம். ஆண்டு விழாப் பந்தலும் விருந்தினருக்குச் சால்வையும் இதில் வராது.

சிக்கல் வருவது வாங்கும் பொருளில் அல்ல, வாங்கிய வரிசையில். முதலில் தீர்மானம், பிறகு விலைப்புள்ளி, பிறகு பில், பிறகு பணம். தீர்மானத் தேதிக்கு முந்தைய தேதியில் பில் இருந்தால் தணிக்கையில் நிற்கும். பில் பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும். தனி ஆள் பெயரில் வாங்கியதை ஏற்கமாட்டார்கள். மின்விசிறி, பூட்டு, விளையாட்டுப் பொருள் எல்லாம் இருப்புப் பதிவேட்டில் ஏறி, அதன் பக்க எண் பில்லின் பின்புறம் எழுதப்பட வேண்டும். கடைக்காரருக்கு நேராக வங்கி வழியே பணம் போகும் முறை வந்த பிறகு காசோலைத் தொல்லை குறைந்திருக்கிறது. ஆனால் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலும் பணம் திரும்பிவிடும், அதைச் சரிசெய்வதற்குள் மார்ச் முடிந்துவிடும். நிதியாண்டு முடிவில் செலவாகாத தொகை பள்ளியில் தங்காது. மார்ச் கடைசி வாரத்தில் தேவையில்லாத பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக் குவிப்பதெல்லாம் இதனால்தான். ஜூன் கூட்டத்திலேயே செலவுப் பட்டியல் போட்டுவிட்டால் இந்தக் கூத்து இருக்காது.

கேள்வி: வகுப்பறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுகிறது. மானியத்தில் பூசிவிடலாமா?
– குழுத் தலைவர், திட்டக்குடி

பூசாதீர்கள். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பருக்கும். அந்த நெருக்குதலில்தான் கான்கிரீட் உதிர்கிறது. துருவைச் சுத்தம் செய்யாமல் மேலே சிமெண்ட் அப்பினால் அது இன்னும் கனமான துண்டாக விழும். 2021 டிசம்பரில் திருநெல்வேலிப் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்த பிறகு, பழைய கட்டடங்கள் பற்றிய புகாரை எந்த அலுவலகமும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்றே அந்த அறையைப் பூட்டுங்கள். காரை விழுந்த இடத்தையும் தெரியும் கம்பியையும் படம் எடுங்கள். மாதக் கூட்டம் வரை காத்திராமல் சிறப்புக் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதுங்கள். ஒன்றியப் பள்ளிக் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தம். ஆகவே மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. கட்டடம் தேறுமா, இடிக்க வேண்டுமா என்பதைப் பொறியாளர் பார்த்து எழுத்தில் தர வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் புதுக் கட்டடக் கோரிக்கை நகராது.

கூரை நன்றாக உள்ள மற்ற அறைகளுக்கு ஒரு வார்த்தை: வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசிக்குள், மொட்டைமாடியில் மழைநீர் இறங்கும் குழாய் வாயை யாராவது பெரியவர்கள் பாருங்கள். வேப்பிலைச் சருகு அடைத்துத் தேங்கும் தண்ணீர்தான் ஓதத்துக்கும் துருவுக்கும் ஆரம்பம்.

கேள்வி: ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். குழு என்ன செய்ய முடியும்?
– பெற்றோர், அரூர்

பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதவில்லை. கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி தொடக்க வகுப்புகளில் 60 பேர் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. 60க்குள் இருந்தால் இரண்டு பேர் என்பது சட்டப்படி சரி, கோரிக்கை எடுபடாது. 61 என்றால் எடுபடும். ஆகஸ்ட் 1ஆம் தேதி வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம் நடக்கிறது. ஜூலையில் சேர்ந்த பிள்ளையின் பெயர், மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏறாமல் விடுபட்டால் அந்த ஒரு பெயரிலேயே ஒரு பணியிடம் போகலாம். ஜூலை கூட்டத்தில் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் அருகருகே வைத்துச் சரிபாருங்கள்.

அதோடு, மூன்றாண்டுக்கான பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் வகுப்புவாரி எதிர்பார்ப்பு எண்ணிக்கையும் கூடுதல் ஆசிரியர் தேவையும் எழுதப்பட வேண்டும். நிதியாண்டு முடிய மூன்று மாதம் முன்பே, அதாவது டிசம்பருக்குள், இது தயாராக வேண்டும். சென்ற ஆண்டுத் திட்டத்தைத் தேதி மாற்றி நகலெடுக்கும் பள்ளிகள் உண்டு. படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

பெற்றோரே காசு போட்டு ஆசிரியர் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2022இல் காலிப் பணியிடங்களுக்குக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசே ஆணையிட்டு, ஊதியமும் அரசே தந்தது. அப்படி ஆணை இருக்கும்போது மட்டும் நியமிக்கலாம். வீடு வீடாக வசூல் வேண்டாம்.

கேள்வி: மதிய உணவைக் குழு சோதிக்கலாமா? சமையலர் கோபித்துக்கொள்கிறார்.
– வாசகி, பழனி

சோதிக்கலாம்; சமையலறையில் சண்டை போட வேண்டாம். தராசு போதும். தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, 6 முதல் 8 வகுப்புக்கு 150 கிராம். அன்று 76 பேர் வந்திருந்தால் உலையில் போக வேண்டியது 7.6 கிலோ. வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, தராசு – மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். முட்டையை வேக வைக்கும் முன் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். மிதப்பதை ஒதுக்கிவிட வேண்டும். பரிமாறும் முன் பெரியவர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திடுவது நடைமுறை. சமையலர் மேல் தவறில்லாமலும் இருக்கலாம்: வண்டு பிடித்த அரிசி வந்தால் அவர் என்ன செய்வார்? அதை மூட்டையோடு படம் எடுத்துத் தீர்மானமாக்கினால் அவரே உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

கேள்வி: தலைவியின் கணவர்தான் கூட்டத்துக்கு வருகிறார், பேசுகிறார். கேட்டால் “அவங்களுக்கு வேலை” என்கிறார்.
– உறுப்பினர், மணப்பாறை

அவர் பார்வையாளர். வருகைப் பட்டியலில் அவர் கையெழுத்து இருக்கக் கூடாது. இருந்தால் அந்தக் கூட்டத்தின் தீர்மானத்தையே யாரும் கேள்வி கேட்கலாம். அன்று துணைத் தலைவர் தலைமை தாங்கட்டும். தலைவி கூலி வேலைக்குப் போகிறவர் என்றால் கூட்ட நேரத்தை மாலைக்குத் தள்ள முடியுமா என்று பேசுங்கள். குறை அவரிடம் இல்லாமல் நேரத்தில் இருக்கலாம்.

கேள்வி: தீர்மான நகலைத் தரமாட்டேன் என்கிறார்கள்.
– பெற்றோர், செய்யாறு

கூட்டக் குறிப்பு பொதுமக்கள் பார்வைக்கு உரியது. எழுதிக் கேளுங்கள். மறுத்தால் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். “எல்லா ஆவணமும்” என்று கேட்காமல் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று குறிப்பிடுங்கள்.

கேள்வி: தனியார் மெட்ரிக் பள்ளியில் இந்தக் குழு வேண்டும் என்று கேட்கலாமா?
– வாசகர், ஓசூர்

அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு 21ஆம் பிரிவு பொருந்தாது. அங்கே பெற்றோர் ஆசிரியர் கழகத்தில்தான் கேட்க வேண்டும்.