பட்டியலில் படித்த ஆங்கிலச் சொல் ஏன் தங்குவதில்லை?

கேள்வி: மேற்படிப்புக்காகத் தினமும் இருபது கடினமான ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் மறந்துவிடுகிறது. நினைவில் நிற்பதையும் எழுதும்போது தப்பான இடத்தில் போட்டுவிடுகிறேன். எனக்கு ஞாபகசக்தி குறைவா?

பதில்: இல்லவே இல்லை, அந்தக் கவலையை முதலில் விடுங்கள். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு வேகமாக மறக்கின்றன என்று தன்னையே சோதித்துப் பார்த்து 1885-ல் வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விட்டது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது சொற்களுக்கும் ஏறக்குறைய அதே கதிதான்.

அதைவிடப் பெரிய சிக்கல், ஒற்றைச் சொல்லில் எழுதும் தமிழ்ப் பொருள். ‘நொட்டோரியஸ்’ என்பதற்குப் ‘பெயர்போன’ என்று நோட்டில் இருக்கும். அதை நம்பி ஒரு நல்ல ஆசிரியரை நொட்டோரியஸ் என்று எழுதினால் அவரைத் திட்டியதாகிவிடும். கெட்ட பெயர் எடுத்தவர்களுக்குத்தான் அந்தச் சொல். ‘மிட்டிகேட்’, ‘அலீவியேட்’ இரண்டுக்கும் ‘குறை, தணி’ என்று எழுதியிருப்பீர்கள். ஆனால் ரிஸ்க், டேமேஜ் போன்றவற்றோடு அதிகம் வருவது மிட்டிகேட். பெயின், பாவர்ட்டி என்றால் பெரும்பாலும் அலீவியேட். உடல் எடையைக் குறைப்பதற்கு இரண்டுமே ஆகாது. ஒரு சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று தெரியாதவரை அந்தச் சொல் நமக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் இருபதை ஐந்தாகக் குறையுங்கள். அந்த ஐந்தும் நீங்களே படித்த கட்டுரைகளிலிருந்து வரட்டும். சொல்லைத் தனியாக எழுதாமல், அது வந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எளிய விளக்கமும் எடுத்துக்காட்டும் தரும் அகராதிகள் இருக்கின்றன, அவற்றில் பாருங்கள். அப்புறம், சும்மா திரும்பத் திரும்ப வாசிப்பதால் பெரிய பயன் இல்லை. பொருளை மூடிவைத்து நினைவுபடுத்திப் பாருங்கள்: மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து. வராமல் திணறும் அந்த நிமிடம்தான் சொல்லைப் பதிய வைக்கிறது.

எந்தச் சொற்களை முதலில் எடுப்பது? கேட்டவர் அசந்துபோகும் அபூர்வச் சொற்களை இப்போதைக்கு ஒதுக்குங்கள். நியூசிலாந்து மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல், கல்வி சார்ந்த நூல்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தொகுத்து வெளியிட்டார். அத்தகைய நூல்களில் பத்துச் சொல்லுக்கு ஒன்று அந்தத் தொகுப்பில் அடங்கும். மேற்படிப்புக்குப் போகும் உங்களுக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஆனால் அதையும் வரிசையாக மனப்பாடம் செய்யாமல், படிக்கும்போது எதிர்ப்படுகிறவற்றை அடையாளம் காணப் பயன்படுத்துங்கள்.

இப்போதுள்ள நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அதிலிருக்கும் எந்தச் சொல் உங்கள் வாசிப்பில் மறுபடி வருகிறதோ, அதை மட்டும் வாக்கியத்தோடு புதுப் பக்கத்துக்கு மாற்றுங்கள். மற்றவை அங்கேயே கிடக்கட்டும்.