பதில்: தங்கையை ஆண் காவலர் சோதனையிட்டதும் ரத்தம் எடுத்ததும்

நகைத் திருட்டு வழக்கில் கைதான தங்கையை ஆண் காவலர் உடல் சோதனை செய்தார், ஆஸ்பத்திரியில் சம்மதமில்லாமல் ரத்தம் எடுத்தார்கள், இரண்டும் சட்டவிரோதமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாவது நிச்சயம் தப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 49ஆம் பிரிவின்படி பெண்ணைப் பெண்தான், கண்ணியம் குறையாமல் சோதிக்க வேண்டும். பழைய சட்டத்திலும் இதேதான், தெரியாது என்று அவர்கள் சொல்ல முடியாது.

ரத்த விஷயம் வேறு. குற்றத்துக்கு ஆதாரம் கிடைக்கும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், போலீஸ் கேட்டு டாக்டர் எடுக்கலாம். சம்மதம் தேவையில்லை (பிரிவு 51). ஆனால் பெண் டாக்டரோ அவர் மேற்பார்வையிலோதான் நடக்க வேண்டும். திருட்டு வழக்குக்கு ரத்தம் எதற்கு என்று வக்கீல் கட்டாயம் கேட்கட்டும். நார்கோ (மருந்து கொடுத்து அரை மயக்கத்தில் விசாரிப்பது), பொய் கண்டறியும் சோதனைகளை மட்டும் சம்மதமின்றிச் செய்யக் கூடாது. 2010 செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அப்புறம், கைதானதும் நடக்கும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். காயம் இருந்தால் அதில் பதிவாகியிருக்க வேண்டும், நகல் பெறுவது தங்கையின் உரிமை (பிரிவு 53). மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது சோதனை நடந்த விதத்தைத் தங்கையே வாய்திறந்து சொல்லட்டும். வக்கீல் அதை எழுத்திலும் கொடுக்கட்டும்.