மண்ணு ரோட்டுல மலைக்கு மேல: சைக்கிள் கேள்வி பதில்

ரோடு பைக் ஓட்டி ஓட்டி ஈசிஆர் அலுத்துப் போச்சு. புதுசா ஒரு கிராவல் பைக், அதான் மண்ணு ரோட்டுலயும் போற மாதிரி அகல டயர் வெச்ச சைக்கிள், வாங்கியிருக்கேன். மலை, காடு, மண்ணு ரோடுன்னு போகணும். முதல்ல எங்க போகலாம்? (சென்னை வாசகர்)

ஜவ்வாது மலைக்குப் போங்க சார். எல்லாரும் ஏலகிரியத்தான் சொல்லுவாங்க, அங்க 14 கொண்டை ஊசி வளைவு ஏறினா டவுன் மாதிரி ஒரு இடம் வந்துடும், அதோட முடிஞ்சது. ஜவ்வாது அப்படி இல்ல, அகலமா பரந்து கிடக்குற மலை. வாணியம்பாடிலேர்ந்து ஆலங்காயம், அங்கேர்ந்து காவலூர், அப்புறம் ஜமுனாமரத்தூர், அந்தப் பக்கமா போளூர் இறங்கிடலாம். காவலூர் 725 மீட்டர் உயரத்துலதான் இருக்கு, 2.3 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப் இருக்குற ஊரு. ஏத்தம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும், நெஞ்சு அடைக்காது.

மெயின் ரோடு தார்தான். நீங்க தேடுற மண்ணு ரோடு மலை ஊர்லேர்ந்து ஊருக்குப் பிரியுற கிளை வழிங்கதான், சாமை வெளைஞ்சு நிக்கிற கொல்லை ஓரமா செம்மண்ணும் உடைஞ்ச ஜல்லியுமா போகும், மேப்ல அது மெல்லிசான கோடாத்தான் தெரியும். கெளம்பறதுக்கு முன்னாடி டீக்கடையில, இந்த வழி அந்தப் பக்கம் முட்டுமா, இல்ல யாராவது கொல்லையிலயே நின்னுடுமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. அவங்க தினமும் நடக்குற வழி, அவங்களுக்குத் தெரியாததா.

ஏற்காடா, கொல்லிமலையா? ரெண்டும் எங்களுக்குப் பக்கம். எதுல ஏறினா நல்லா இருக்கும்? (சேலம் வாசகர்)

ரெண்டுலயும் ஏறணும்ங்க, ஆனா ஏற்காட்டுல ஆரம்பிங்க. சேலத்துலேர்ந்து ஏறுற நேர் வழியில 20 கொண்டை ஊசி, மேல போனா கிட்டத்தட்ட 1500 மீட்டர். சனி ஞாயிறு அந்த ரோட்டுல கார் வரிசை கட்டி நிக்கும், புகையில மூச்சு வாங்கிட்டு ஏறுறதுல என்ன சுகம் இருக்கு. அதனால வார நாள்ல போங்க, இல்லன்னா குப்பனூர் வழியா ஏறுங்க. மேல போய் ஏரியைப் பாத்துட்டு திரும்பிடாதீங்க, விஷயமே அதுக்கப்புறம்தான் இருக்கு. 32 கி.மீ. லூப் ரோடு காப்பித் தோட்டங்களுக்கு நடுவுல மலையைச் சுத்தி வருது, சில்வர் ஓக் மரம், மிளகுக் கொடி, நிழல், ஏத்தம் இறக்கம் மாறி மாறி. அதுலேர்ந்து சின்னச் சின்ன மலைக் கிராமங்களுக்குப் பிரியுற வழிங்கள்ல சைக்கிளை விட்டுப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு, எஸ்டேட் கேட் இருந்தா அது தனியார் இடம், வாட்ச்மேன்கிட்ட கேட்டுட்டுதான் போகணும். கேட் திறந்து கிடக்குதேன்னு நாம உள்ள பூந்துட்டு வந்துட்டா, அடுத்து வர்ற சைக்கிள்காரருக்கு அந்த கேட் மூடிடும்.

கொல்லிமலை வேற ரகம். காரவள்ளிலேர்ந்து சோளக்காடு வரைக்கும் 70 கொண்டை ஊசி, ஏறக்குறைய 1000 மீட்டர் ஏத்தம், நடுவுல ஓய்வுன்னு சொல்ற மாதிரி சமதளமே கிடையாது. இதுக்கு கால் பலத்தை விட கியர்தான் முக்கியம். முன்னாடி பல்சக்கரத்துல 34 பல்லு, பின்னாடி பல்சக்கரத்துலயும் 34 பல்லுன்னு வெச்சா, பெடல் ஒரு சுத்து சுத்தினா சக்கரமும் ஒரே சுத்து, அதாவது 2.2 மீட்டர் சொச்சம். நிமிஷத்துக்கு 60 சுத்துன்னா மணிக்கு 8 கி.மீ. வேகம். கொல்லிமலைக்கு அது போதும், மானமா ஏறிடலாம். முன்னாடி பெரிய பல்லு வெச்சுக்கிட்டு ஏறிப் போய் முட்டி வலின்னு உக்காந்தவங்க நெறைய.

மேல செம்மேடு, அங்கேர்ந்து வாழவந்தி நாடு, வளப்பூர் நாடுன்னு ஒவ்வொரு நாடா சுத்தலாம், பலா, வாழை, மிளகு, காப்பின்னு வழி நெடுக பச்சை. அறப்பளீஸ்வரர் கோயில் வரைக்கும் சைக்கிள் போகும், ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேல படி, சைக்கிள் மிதிச்ச காலோட அன்னைக்கே அதையும் இறங்கி ஏற வேணாம்னு என் அபிப்பிராயம். ஒரு ராத்திரி மேலயே தங்கிட்டு மறுநாள் போங்க. ஆடி 18 வல்வில் ஓரி விழா சமயத்துல ரோடு நெரிசலா இருக்கும், அப்ப வேண்டாம்.

சேட்டிலைட் மேப்ல பாத்தா ஆனைமலை, முதுமலைக் காட்டுக்குள்ள அருமையான மண்ணு ரோடு தெரியுது. காலையில சீக்கிரமா யாருக்கும் தெரியாம ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாமா? (கோவை வாசகர்)

கூடாதுங்க. தெரியாமப் போனாலும் கூடாது, தெரிஞ்சு போனாலும் கூடாது. அது ரெண்டுமே புலிகள் காப்பகம், அந்த மண்ணு ரோடுங்க வனத்துறை ரோந்து போறதுக்குப் போட்டது. அனுமதி இல்லாம உள்ள போறது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சட்டத்தை ஒரு பக்கம் வைங்க, சைக்கிளுக்குன்னே ஒரு ஆபத்து இருக்கு, அதை யாரும் பேசுறதில்ல. ஜீப் வந்தா சத்தம் முன்னாடியே போயிடும், யானை ஒதுங்க டைம் கிடைக்கும். சைக்கிள் சத்தமே இல்லாம வளைவுல திரும்பி திடீர்னு பத்தடி முன்னாடி நிக்கும். குட்டி வெச்சிருக்குற யானையோ, காட்டுமாடோ, கரடியோ அப்படித் திடுக்கிட்டா என்ன செய்யும்னு சொல்ல வேண்டியதில்ல. இறக்கத்துல வந்தா பாதுகாப்புன்னு நெனைக்காதீங்க, மண்ணு ரோட்டுல திரும்பி ஓடுறதுக்குள்ள அது வந்துடும். 2018 மார்ச்ல குரங்கணி மலைக்குப் போனவங்க காட்டுத் தீயில சிக்கி இறந்ததும் நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கணும். பிப்ரவரிலேர்ந்து மே வரைக்கும் நம்ம காடு காஞ்ச சருகா கிடக்கும், உள்ள மாட்டிக்கிட்டா வெளிய வழி தெரியாது.

கோவைக்காரங்களுக்கு வழியா இல்ல. ஆழியார்லேர்ந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, பொது ரோடு, 9வது வளைவு லோம்ஸ் வியூல நின்னு அணையைப் பாத்தா வந்த களைப்பு போயிடும், வரையாடு கண்ணுல பட்டாலும் படும். நல்லா விடிஞ்சப்புறம் ஏறுங்க, இருட்டறதுக்குள்ள தங்குற இடத்துல இருங்க. கண்ணு மறைக்குற வளைவுல பெல் அடிச்சுக்கிட்டே போங்க. கொடைக்கானல்னா பூம்பாறை, மன்னவனூர், கூக்கால்னு ஜனங்க இருக்குற ஊர்ப் பக்கம் சுத்துங்க, பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேணும். சைக்கிளை கார்ல கட்டிட்டுப் போறவங்க 2024 மே மாசத்துலேர்ந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் எடுக்கணும், அதையும் மறந்துடாதீங்க.

ஏறிடறேன். இறங்கும்போதுதான் பயம். ஜல்லியில சறுக்குது, பிரேக் பிடிச்சுப் பிடிச்சு கை மரத்துப் போகுது. எனக்கு வயசு 42, இதை விட்டுடணுமா? (ஈரோடு வாசகி)

ஏன் விடணும் மேடம்? முதல்ல பிரேக் லீவரைப் பாருங்க. கடையில வர்ற செட்டிங் பெரிய கைக்குத்தான் சரியா இருக்கும். லீவர் கிட்ட ஒரு சின்ன ஸ்குரு இருக்கும், அதைத் திருப்பினா லீவர் ஹேண்டில் பக்கம் நெருங்கி வரும். அப்புறம் ரெண்டு விரல்லயே பிடிக்கலாம், கை மரத்துப் போற பிரச்சனை பாதி அங்கயே தீந்துடும். அடுத்தது காத்து. 40 மி.மீ. டயர்ல 60 பிஎஸ்ஐ அடிச்சா கல்லு மேல குதிச்சுக்கிட்டுத்தான் போகும். டியூப்லெஸ்ஸா இருந்தா, உங்க எடையைப் பொறுத்து 30லேர்ந்து 35 போதும், டியூப் போட்டதுன்னா ஒரு அஞ்சு கூட்டிக்கோங்க. சீலன்ட், அதான் ஓட்டையைத் தானா அடைக்கிற திரவம், ஊத்தின டியூப்லெஸ்னா அடிவாரத்து சீமைக்கருவேல முள்ளுக்கும் கவலை இல்ல.

பிரேக்கை வளைவுக்கு முன்னாடியே, நேரா போறப்பவே பிடிச்சு வேகத்தைக் கொறைச்சுடுங்க, வளைவுல விட்டுடுங்க. சறுக்குறதுக்குக் காரணம் பெரும்பாலும் திரும்பிக்கிட்டே பிரேக் பிடிக்கறதுதான். ரெண்டு பிரேக்கையும் சேத்துப் பிடிங்க, பெடல் ரெண்டும் சமமா இருக்கட்டும், உடம்பைக் கொஞ்சம் பின்னாடி தள்ளி வைங்க. கை வலிச்சா வெக்கப்படாம ஓரமா நிறுத்துங்க, பிரேக்கும் ஆறும். மலை ரோட்டுல ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி விடணும், பஸ் கொண்டை ஊசியில அகலமா எடுக்கும், அது திரும்பி முடிக்கிற வரைக்கும் நின்னுடுங்க.

காலேஜ் படிக்கிறேன் அண்ணே. கிராவல் பைக் விலையைக் கேட்டாலே தலை சுத்துது. என்கிட்ட பழைய கியர் சைக்கிள்தான் இருக்கு. (திருச்சி வாசகர்)

அதுலயே வா தம்பி, பச்சமலை உனக்குப் பக்கம்தானே. ஃபிரேம்ல எவ்வளவு அகல டயர் உள்ள போகும்னு பாத்து அதைப் போடு, புது பிரேக் கட்டை மாத்து, பின்னாடி ஃப்ரீவீல்ல பெரிய பல்லு 28ஆ இருந்தா 34 போட முடியுமான்னு மெக்கானிக்கைக் கேளு, சில டீரெய்லருக்கு (கியர் மாத்துறப்ப செயினைத் தள்ளி விடுற பாகம்) அது ஒத்துக்காது. பஞ்சர் கிட், பம்பு, ரெண்டு பாட்டில் தண்ணி. ஹெல்மெட் மட்டும் நல்லதா வாங்கு, அதுல மிச்சம் பிடிக்காத.

எந்த மாசம் போகலாம்? (மயிலாடுதுறை வாசகி)

ஜவ்வாது, ஏற்காடு, கொல்லிமலைக்கு ஜனவரி, பிப்ரவரி. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழையில செம்மண் சோப்பு மாதிரி வழுக்கும். வால்பாறைக்கு ஜூன்லேர்ந்து செப்டம்பர் வேண்டாம், கொட்டித் தீர்க்கும், அட்டையும் ஏறும். போறப்ப உப்பும் சின்னத் துணியும் பையில வெச்சுக்கோங்க.