உப்புவெளி விடுதிக்கு மின்னஞ்சலில் வந்த முன்பதிவு: கார்டில் கூடுதலாக எடுத்து மிச்சத்தை வேன்காரருக்கு அனுப்பலாமா?

கேட்டவர் திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள உப்புவெளியில் சிறிய விடுதி நடத்துகிறார். ஓகஸ்டில் 2 அறை, 9 இரவு வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் மின்னஞ்சல் போட்டிருக்கிறார். வாடகை 270,000 ரூபா. ஆனால் தன் கார்டில் 700,000 ரூபாவை எடுத்துக்கொண்டு, மிச்சம் 430,000 ரூபாவைத் தங்களை ஊர் சுற்றிக் காட்டப்போகும் வேன்காரரின் வங்கிக் கணக்குக்குப் போட்டுவிடச் சொல்கிறாராம். வேன்காரரிடம் கார்டு மெஷின் இல்லை என்பது காரணம். அனுப்பலாமா என்பது கேள்வி.

அனுப்பாதீர்கள். கார்டு திருட்டுக் கார்டு. வேன்காரர் என்று ஒருவர் இருந்தால், அவர் கூட்டாளியாக இருப்பார், அல்லது தன் வங்கிக் கணக்கை யாருக்கோ வாடகைக்கு விட்டவராக இருப்பார்.

விடுதிக்காரர்கள் சறுக்குவது ஓர் இடத்தில்தான். கார்டு இலக்கத்தை மெஷினில் அடித்ததும் ‘அப்ரூவ்ட்’ என்று வருகிறது, இரண்டொரு நாளில் காசும் கணக்கில் விழுகிறது. இனி என்ன பயம் என்று நினைக்கிறார்கள். அந்த ஒப்புதலுக்கு அர்த்தம், கார்டு இன்னும் முடக்கப்படவில்லை, அதில் அவ்வளவு தொகைக்கு இடம் இருக்கிறது என்பது மட்டுமே. கார்டின் சொந்தக்காரர் சம்மதித்தார் என்பது அல்ல. அவர் மாதக் கடைசியில் கணக்கறிக்கையைப் பார்த்து, ‘திருகோணமலையில் நான் எதுவும் வாங்கவில்லையே’ என்று தன் வங்கிக்கு எழுதுவார். வீசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் இப்படி மறுக்கப் பொதுவாக 120 நாள் வரை இடமுண்டு. கார்டை நேரில் பார்க்காமல் இலக்கத்தைக் கையால் அடித்து எடுத்த கொடுக்கல் என்றால், மறுப்பு வந்ததும் சுமை உங்கள் தலையில்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 700,000 வந்தது. 430,000 போய்விட்டது. பிறகு வங்கி 700,000 முழுவதையும் உங்கள் கணக்கிலிருந்து திரும்ப எடுக்கிறது. நிகர நட்டம் 430,000 ரூபா, அதோடு வங்கி அறவிடும் கட்டணம், அதோடு நல்ல சீசனில் 2 அறை 9 இரவு சும்மா கிடந்த வருமானம். கள்ளனுக்கு உங்கள் அறை தேவையே இல்லை. திருட்டுக் கார்டைக் காசாக மாற்றித்தர மெஷின் வைத்திருக்கிற நேர்மையான ஒரு மனிதர் தேவை.

இதே வித்தை வேறு உருவங்களிலும் வரும். ‘தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தை வெஸ்டர்ன் யூனியனில் போடுங்கள்’, ‘பயணம் ரத்து, ஆனால் அந்தக் கார்டு மூடப்பட்டுவிட்டது, இந்தக் கணக்குக்குத் திருப்புங்கள்’ என்று எழுதுவார்கள். வெளிநாட்டுக் காசோலையும் இந்த வகைதான். கணக்கில் வரவு காட்டினாலும், வாரங்கள் கழித்துத் திரும்பி வரக்கூடும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: காசு எந்த வழியால் வந்ததோ அந்த வழியாலேயே, எந்தக் கார்டிலிருந்து வந்ததோ அதே கார்டுக்கே திரும்பும். வேறு கணக்கு, வேறு பெயர், வேறு நாடு என்றால் இல்லை.

மின்னஞ்சலைப் பார்த்தே ஓரளவு மணம் பிடிக்கலாம். உண்மையாக வருகிறவர் கேள்வி கேட்பார்: ஏசி இருக்கிறதா, புறாத்தீவுக்குப் படகு எவ்வளவு, கொழும்பு ரயில் எத்தனை மணிக்கு வந்து சேரும், ஓர் இரவுக்குக் குறைக்க மாட்டீர்களா? கள்ளன் பேரம் பேசமாட்டான். விடுதியின் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘உங்கள் இடம்’ என்றே எழுதுவான், ஒரே கடிதம் நிலாவெளிக்கும் போகிறது, பாசிக்குடாவுக்கும் போகிறது. போனில் பேசமுடியாததற்கு ஒரு காரணம் தயாராக இருக்கும்: காது கேளாதவர், கப்பலில் வேலை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார். முதல் கார்டு எடுபடாவிட்டால் உடனே இரண்டாவது, மூன்றாவது கார்டு இலக்கம் வரும். சொந்தக் கார்டுகளை இப்படி யாரும் வரிசையாக மின்னஞ்சலில் எழுதி அனுப்புவதில்லை.

‘எழுத்துப்பிழை பாருங்கள்’ என்ற அறிவுரையை இனிப் பெரிதாக நம்பவேண்டாம். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணத்தைத் திருடியவர்கள் இலங்கையில் உள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு 20 மில்லியன் டொலர் அனுப்பியபோது, ‘ஃபவுண்டேஷன்’ என்பதை ‘ஃபண்டேஷன்’ என்று பிழையாக எழுதினார்கள். அந்தப் பிழை சந்தேகத்தைக் கிளப்பி, அந்தப் பணம் மீண்டது. பிலிப்பைன்ஸுக்குப் போன 81 மில்லியன் டொலரில் பெரும்பகுதி திரும்பவில்லை. இன்றைக்கு இயந்திரம் ஆங்கிலத்தை மட்டுமல்ல, தமிழையும் பிழையில்லாமல் எழுதிக் கொடுக்கிறது. மொழி சுத்தமாக இருக்கிறது என்பதால் ஆள் சுத்தம் என்று ஆகாது.

அனுப்பியவரின் முகவரியைப் பார்ப்பதில் பலன் அதிகம். போனில் ஜிமெயில் என்றால் பெயருக்குக் கீழே இருக்கும் சிறிய அம்புக்குறியைத் தொடுங்கள், முழு முகவரியும் விரியும். பெயர் என்னவாகவும் இருக்கலாம், யாரும் எதையும் போட்டுக்கொள்ளலாம். பதில் போகும் முகவரி வேறாக இருந்தால் அது பெரிய சைகை. கணினியில் மூன்று புள்ளியை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ போனால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று, மடல் உண்மையில் எங்கிருந்து வந்தது என்பதைச் சோதிக்கும் மூன்று வரி தெரியும். ‘ஃபெயில்’ என்றால் அந்த மடல் அந்த நிறுவனத்திலிருந்து வந்ததாக நம்பக்கூடாது. ‘பாஸ்’ என்றால்? அந்த டொமைனிலிருந்து, அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருக்கும் பெயரிலிருந்துதான் வந்தது என்று மட்டும் அர்த்தம். கள்ளன் தன் சொந்த ஜிமெயிலிலிருந்து அனுப்பினாலும் மூன்றும் ‘பாஸ்’ காட்டும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

லிங்க் இருந்தால், தொடக்கத்தில் வரும் ‘://’ ஐ விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை வலமிருந்து இடமாக வாசியுங்கள். நம் தபால் திணைக்களத்தின் தளம் ‘எஸ்எல்போஸ்ட் டொட் ஜிஓவி டொட் எல்கே’. ‘எஸ்எல்போஸ்ட்-ஜிஓவி டொட் டொப்’ என்று வந்தால், அதன் சொந்தக்காரர் ‘டொட் டொப்’ பெயரை வாங்கிய யாரோ ஒருவர். ‘பொதி வந்திருக்கிறது, 90 ரூபா கட்டுங்கள்’ என்ற மடலுக்கு 90 ரூபா முக்கியமில்லை. அங்கே நீங்கள் அடிக்கும் கார்டு இலக்கமும், பின்னால் உள்ள 3 இலக்கமும், போனுக்கு வரும் ஓடிபியும்தான் அவர்களுக்கு வேண்டும்.

விடுதிக்காரர்களுக்கு இன்னும் இரண்டு பொறிகளைச் சொல்லவேண்டும். ஒன்று, முன்பதிவுத் தளத்தின் பெயரில் வரும் ‘விருந்தினர் உங்கள்மேல் புகார் எழுதியிருக்கிறார், பாருங்கள்’ என்ற மடல். அழுத்தினால் ‘நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபியுங்கள்’ என்று ஒரு பக்கம் வந்து, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் ஒன்றாக அழுத்தி, பிறகு கன்ட்ரோல்-வி அழுத்தி, என்டர் தட்டச் சொல்லும். அப்படிச் செய்தால் பாஸ்வேர்டுகளைத் திருடும் நிரலை உங்கள் கையாலேயே ஓட்டிவிடுகிறீர்கள். புக்கிங் டொட் கொம் பெயரைப் பயன்படுத்தி விடுதித் தொழிலைக் குறிவைத்த இந்த வலையைப் பற்றி மைக்ரோசொஃப்ட் 2025 மார்ச்சில் எச்சரித்தது. 2024 டிசம்பரிலிருந்தே அது நடந்துவந்தது. எந்த உண்மையான தளமும் உங்கள் விசைப்பலகையில் இப்படிச் செய்யச் சொல்லாது. புகாரைப் பார்க்கவேண்டுமானால் மடலை மூடிவிட்டு, தளத்தின் பெயரை நீங்களே அடித்து உள்ளே போங்கள்.

மற்றது, வழக்கமாக மெத்தையோ மீனோ வாங்கும் வியாபாரியிடமிருந்து ‘எங்கள் கணக்கு இலக்கம் மாறிவிட்டது’ என்று வரும் மடல். இது கொஞ்சம் நுட்பமானது. அவருடைய பெட்டியையோ உங்களுடையதையோ யாரோ திறந்து வாரக்கணக்கில் வாசித்துவிட்டு, பில் போகும் நேரம் பார்த்து நுழைகிறார்கள். முகவரி சரி, பழைய மடல் தொடரும் கீழே இருக்கிறது, தொகையும் சரி, இலக்கம் மட்டும் வேறு. ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கும் இலக்கத்துக்கு எடுத்து, அவர் குரலில் கேளுங்கள். மடலில் உள்ள இலக்கத்துக்கு எடுத்தால் கள்ளனே எடுத்து ‘ஓம், மாறித்தான் இருக்கிறது’ என்பான். உங்கள் ஜிமெயிலிலும், வரும் மடல்களைத் தானாக ஒதுக்கவோ வேறு முகவரிக்கு அனுப்பவோ விதி போடும் ‘ஃபில்டர்ஸ்’, ‘ஃபோர்வேர்டிங்’ இரண்டையும் ஒருமுறை பாருங்கள். நீங்கள் போடாத விதி ஏதும் இருந்தால், பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, அந்த விதியையும் அழிக்கவேண்டும். இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். வெளிநாட்டு வேலை மடல் என்றால் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் முகவரின் உரிமத்தைக் கேளுங்கள். அமெரிக்க கிரீன் கார்டு குலுக்கலில் தெரிவானதாக மின்னஞ்சல் வராது, விண்ணப்பித்தவர்தான் அரசின் தளத்தில் பார்க்கவேண்டும். ‘உன் கமராவில் படம் பிடித்துவிட்டேன், பிட்கொயின் அனுப்பு’ என்று உங்கள் பழைய பாஸ்வேர்டைக் காட்டி மிரட்டினால், அது எங்கோ கசிந்த பட்டியலிலிருந்து எடுத்தது. படம் எதுவும் இராது. பதில் எழுதாமல், அந்தப் பாஸ்வேர்டை இன்னும் எங்கே பாவிக்கிறீர்களோ அங்கெல்லாம் மாற்றுங்கள்.

காசு ஏற்கெனவே போய்விட்டது என்றால் முதல் மணித்தியாலம் முக்கியம். இணைய வங்கியில் செஃப்ட்ஸ் என்ற, வங்கிக்கு வங்கி உடனுக்குடன் பணம் மாற்றும் முறை வழியாகப் போனது நொடிகளில் மறுபக்கம் சேர்ந்துவிடும், ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல நேரமில்லை. அதனால் உங்கள் வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு எடுத்து, பெறும் வங்கிக்கு அறிவித்து அந்தக் கணக்கில் உள்ளதை முடக்கும்படி கேளுங்கள். கொடுக்கல் இலக்கம், நேரம், தொகையைச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் கிளையில் எழுத்திலும் கொடுங்கள். வெஸ்டர்ன் யூனியன் என்றால், மறுமுனையில் இன்னும் எடுக்கவில்லையானால் ரத்துச் செய்யலாம். வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் 1935.

மடலை அழிக்கவேண்டாம். ஸ்கிரீன்ஷொட்டில் தலைப்புத் தகவல் இராது, வேறொருவருக்கு ஃபோர்வேர்ட் செய்தாலும் போய்விடும். ‘ஷோ ஒரிஜினல்’ பக்கத்தில் ‘டவுன்லோட் ஒரிஜினல்’ அழுத்திக் கோப்பாகச் சேமியுங்கள். அதோடு உப்புவெளிப் பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேட்பது உங்கள் உரிமை, வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்து வேண்டாம். இது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்துக்குள் வரக்கூடியது, குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் இதற்கென்று தனிப் பிரிவு உண்டு. தொழில்நுட்ப உதவிக்கு, இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101. சில கிழமை கழித்து ‘உங்கள் காசை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று ஒரு மடல் வரும். அது அதே கூட்டம், அல்லது உங்கள் பெயரை அவர்களிடம் வாங்கிய அடுத்த கூட்டம்.

இப்போது உங்கள் விருந்தினருக்கு இப்படிப் பதில் போடுங்கள்: ‘அறை வாடகை மட்டுமே எடுப்போம். நாங்கள் அனுப்பும் கொடுப்பனவு லிங்கில், உங்கள் வங்கியின் ஓடிபியோடு 48 மணித்தியாலத்துக்குள் கட்டுங்கள். வாகனத்துக்கு நீங்களே நேரில் கொடுக்கலாம்.’ ஓடிபியோடு கட்டிய கொடுக்கலைத் திருட்டு என்று பின்னர் மறுத்தால் நட்டம் பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கிக்கே போகும். அதனால் கள்ளன் இந்த வழிக்கு வரமாட்டான்.

கார்டில் 700,000 ஏற்கெனவே எடுத்திருந்து, வேன்காரருக்கு இன்னும் அனுப்பவில்லை என்றால், அதில் ஒரு ரூபாவும் தொடாதீர்கள். வாடகைக்கு என்று 270,000 ஐக்கூடப் பிடித்துவைக்கவேண்டாம். மெஷின் தந்த வங்கியின் வணிகர் பிரிவுக்கு இன்றே எடுத்து, சந்தேகத்தைச் சொல்லி, முழுத் தொகையையும் அதே கார்டுக்குத் திருப்பச் சொல்லுங்கள். மறுப்பு வருவதற்கு முன் நீங்களே திருப்பினால் கட்டணமும் தப்பும், உங்கள் மெஷினின் பெயரும் கெடாது. 48 மணித்தியாலத்தில் லிங்கில் காசு வராவிட்டால் அந்த 2 அறைகளையும் திரும்பத் தளத்தில் போட்டுவிடுங்கள், ஓகஸ்டுக்கு ஆள் கிடைக்கும்.