10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குச் சரியான கிரிப் (கைப்பிடி) அளவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதினான்கு வயது மகளுக்கு முதல் பிஸ்டல் வாங்கவிருப்பதாகவும், கடையில் எஸ், எம் என இரண்டு அளவுகளைப் பிடித்துப் பார்த்ததில் எம் தான் கைக்குச் சுகமாக இருப்பதாக மகள் சொன்னதாகவும், அதையே வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கீழே சொல்லும் சோதனைகளைச் செய்து பார்க்காமல் வாங்க வேண்டாம். பல ஆண்டுகளாகக் கிளப்பில் சுட்டும், புதிதாக வருபவர்களுக்குக் கிரிப் பொருத்திக் கொடுத்தும் வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கடையில் ஒரு நிமிடம் பிடித்துப் பார்க்கும்போது பெரிய கிரிப் தாராளமாகத்தான் இருக்கும். ஆனால் போட்டியில் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள பிஸ்டலை ஒரே கையால் தூக்கி, 75 நிமிடங்களுக்குள் 60 குண்டுகளைச் சுட வேண்டும். கிரிப்புக்குள் கை சிறிதளவு நகர்ந்தாலும், ஒவ்வொரு முறை தூக்கும்போதும் பிஸ்டல் வெவ்வேறு விதமாக அமரும். குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 32 சென்டிமீட்டர் தூரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், முன் சைட் 1 மில்லிமீட்டர் விலகினாலே இலக்குத் தாளில் அது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் விலகலாகிவிடும். இலக்கின் நடுவிலுள்ள பத்தாம் வளையத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான் என்பதால், அந்தக் குண்டு ஏழாம் வளையத்தின் பக்கம் போய்விடும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஆள்காட்டி விரலை. உள்ளங்கையின் சுகத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட வளைவு கிரிப்பின் பின்புறத்தில் எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே அழுந்தியிருக்க வேண்டும். அந்த நிலையில் ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதைப்பகுதி ட்ரிகரின் மேல் படிந்து, நேராகப் பின்னோக்கி அழுத்த வேண்டும். விரல் நுனி மட்டுமே எட்டுகிறது என்றாலோ, எட்டுவதற்காக மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருக்கிறது என்றாலோ, அந்தக் கிரிப் பெரிது. விரல் முதல் கணுவைத் தாண்டி உள்ளே போனாலோ, மற்ற விரல்களின் நுனிகள் சுற்றி வந்து உள்ளங்கையில் முட்டினாலோ சிறிது. இந்த முடிவுக்கு வருவதற்கு முன் ட்ரிகரை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிடுங்கள். போட்டிப் பிஸ்டல்களில் அந்த வசதி உண்டு, அதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவதும் உண்டு. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் கிரிப்பின் மரத்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருப்பது மிக அவசியம். இல்லாவிட்டால், 500 கிராம் அழுத்தத்தில் விடுபடும் ட்ரிகரை இழுக்கும்போது விரல் மரத்தையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

இரண்டாவது சோதனையை மகளே செய்ய வேண்டும். குண்டில்லாத பிஸ்டலைப் பாதுகாப்பான திசையில், சுடும் நிலையில் தூக்கிக் கண்களை மூடிக்கொள்ளட்டும்; இரண்டு மூச்சு விட்டபின் திறந்து பார்க்கட்டும். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் தானாகவே நடுவில் நிற்க வேண்டும். பலமுறை செய்தும் ஒரே பக்கமாக விலகி நின்றால், அதை மணிக்கட்டால் திருத்தப் பழகவே கூடாது. கிரிப்பைத்தான் திருத்த வேண்டும். மேலும் கீழுமாக விலகினால், பல மாடல்களில் கிரிப்பின் சாய்வையே மாற்றிக்கொள்ள முடியும்.

உள்ளங்கைக்கு அடியில் இருக்கும், ஏற்றி இறக்கக்கூடிய தாங்கியான பாம் ஷெல்ஃபைக் கடைசியாகவே ஏற்றுங்கள். கையை அது இறுக்கிக் கவ்வ வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கை அதன் மேல் அமர்ந்தால் போதும். இறுக்கினால் சிறிது நேரத்திலேயே விரல்களில் நடுக்கம் வரும். வெயில் நாளில் கை லேசாக வீங்கும் என்பதால், ஏசி இல்லாத ரேஞ்சில் பயிற்சி செய்பவர்கள் மதிய வேளையிலும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

எஸ், எம், எல் என்ற எழுத்துகளை மட்டும் நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் எஸ் அளவும் இன்னொரு நிறுவனத்தின் எஸ் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. நான்கு விரல்களின் அடியில் கையின் அகலத்தை அளந்து, அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவே கை அமைந்தால் எதை வாங்குவது என்பதில் பயிற்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான் சற்றே பெரிய அளவைத்தான் வாங்கச் சொல்வேன், ட்ரிகர் எட்டும் பட்சத்தில். வால்நட் மரத்தை உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் குறைப்பது சுலபம். பட்டி (மரத்தில் பூசும் நிரப்புக் களிம்பு) வைத்துக் கூட்டுவதும் முடியும், ஆனால் வியர்வையில் அது பெயர்ந்து வரக்கூடும். எங்கே தேய்ப்பது என்று தெரிய, உள்ளங்கையில் டால்கம் பவுடர் பூசிப் பிடித்துவிட்டு எடுத்தால், அதிகமாக அழுந்தும் இடங்களும் கை தொடாத இடங்களும் மரத்தில் தெளிவாகத் தெரியும். தேய்க்கும்போது விதிமுறையையும் மனத்தில் கொள்ளுங்கள்: கிரிப்பின் எந்தப் பகுதியும் மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது, பாம் ஷெல்ஃப் மேல்நோக்கி வளைந்திருக்கவும் கூடாது.

உங்கள் மகளின் கை இன்னும் வளரும் என்பதால், நாளைக்கு உதவும் என்று எம் வாங்க நினைப்பது இயல்புதான். ஆனால் எட்டாத ட்ரிகரை எட்டிப்பிடித்துப் பழகிய விரலைப் பிறகு திருத்துவது பயிற்சியாளருக்கும் கடினம், குழந்தைக்கும் கடினம். கிரிப் தனியாகவே விற்கப்படுகிறது, பிஸ்டல் அதேதான். இன்றைக்கு எஸ் பொருந்துகிறது என்றால் எஸ் வாங்குங்கள், கை வளர்ந்த பிறகு கிரிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.